கருகிய இடத்தை நம்பாதீர்கள்: வேவ்கைடு கேள்வி-பதில்

சென்ற இதழில், துகள் முடுக்கிகளுக்கும் அணுக்கரு இணைவு எந்திரங்களுக்கும் ரேடியோ அலை ஆற்றல் எப்படிப் போய்ச் சேருகிறது என்று எழுதியிருந்தேன். அந்த ஆற்றலைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்தான் வேவ்கைடு. அதன் பழுதுகளுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முடுக்கி ஒன்றின் ஆர்.எஃப். (ரேடியோ அலை) பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எடுத்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

வேவ்கைடு என்பது உள்ளே ஒன்றுமில்லாத செம்புக் குழாய். அசையும் பாகம் கிடையாது, தேயும் பாகம் கிடையாது. அதில் பழுதாக என்ன இருக்கிறது? – பொறியியல் மாணவி

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2856 மெகாஹெர்ட்ஸில் ஓடும் முடுக்கிகளில் வழக்கமாகப் போடும் குழாயின் உள்ளளவு 72.14 மில்லிமீட்டர் அகலம், 34.04 மில்லிமீட்டர் உயரம். அதில் 5 மெகாவாட் துடிப்பை அனுப்பினால், நடுப்பகுதியில் மின்புலம் சென்டிமீட்டருக்குச் சுமார் 21 கிலோவோல்ட். சாதாரணக் காற்று தாங்குவதோ சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட். அதாவது எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

இப்போது மறுமுனையில் ஏதோ ஒன்று அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து நிலையலை உண்டாகும். பவரில் 11 சதவீதம் திரும்பினாலே போதும், உச்சப் புள்ளிகளில் மின்புலம் 28-ஐத் தொட்டுவிடும். முழுவதும் திரும்பினால் இரண்டு மடங்கு, 42. காற்று உடைந்து ஆர்க், அதாவது மின்பொறி, பிடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் குழாய்க்குள் அழுத்தத்தில் வேறு வாயுவை அடைக்கிறோம், அல்லது முழுக்க வெற்றிடமாக்கிவிடுகிறோம். அடைத்த வாயு கசிந்தால் மறுபடியும் பழைய கதைதான்.

இன்னொன்று, மின்னோட்டம் குழாயின் உட்சுவரில் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது தெரியுமா? இந்த அலைவெண்ணில் செம்பில் சுமார் 1.2 மைக்ரான். சுவர் எத்தனை தடிமன் என்பது அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. உட்புறத்தின் மெல்லிய தோல் மட்டும்தான் அதற்கு வேவ்கைடு. அந்தத் தோலில் ஒரு கீறல், கொஞ்சம் ஆக்ஸைடு, ஃபிளாஞ்ச் (துண்டுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) இணைப்பில் ஒரு மெல்லிய இடைவெளி, ஒரு போல்ட் மட்டும் முறுக்கு குறைவு – எதுவும் போதும். மின்னோட்டம் அந்த இடத்தைத் தாண்டத் திணறும், சூடாகும், கடைசியில் பொறி பறக்கும். அலையை விட்டு வாயுவைத் தடுக்கும் செராமிக் ஜன்னலில் விடும் மயிரிழை விரிசல், குளிரூட்டும் தண்ணீர் கசிந்து உள்ளே கோத்துக்கொள்ளும் ஈரம், அசெம்பிளி செய்யும்போது உள்ளே விழுந்த உலோகத் துணுக்கு... பட்டியல் நீளும். சில நேரம் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டதே காரணமாக இருக்கும்.

எங்கள் எந்திரத்தில் ஆர்க் வந்து டிரிப் ஆனது. பிரித்துப் பார்த்தோம், ஒரு வளைவுத் துண்டு உள்ளே கருகியிருந்தது. புதுத் துண்டு மாற்றினோம். கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடியும் கருகிவிட்டது. புதுத் துண்டே தரமில்லாததா? – பராமரிப்புப் பிரிவு டெக்னீசியன்

புதுத் துண்டைத் திட்டாதீர்கள். அநேகமாக அது நிரபராதி.

ஆர்க் பிடித்த இடத்திலேயே நிற்காது. பவர் வரும் திசையை நோக்கி, அதாவது அலையை உண்டாக்கும் கிளைஸ்ட்ரானையோ மேக்னெட்ரானையோ நோக்கி நகரும். காரணம் எளிது. ஆர்க் என்பது மின்கடத்தும் பிளாஸ்மா, அதாவது அயனியாகிவிட்ட வாயு. அது குழாயை அடைத்துக்கொண்டு அலையைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் பவர் வரும் பக்கத்து முகத்துக்குத்தான் தீனி கிடைக்கிறது. பின்பக்கம் பட்டினி கிடந்து குளிர்ந்து அணைகிறது. முன்பக்கத்தில் புது வாயு அயனியாகிக்கொண்டே வரும். புல் இருக்கும் பக்கமாகவே மாடு மேய்ந்துகொண்டு போவதைப் போல ஆர்க் மெதுவாக மூலத்தை நோக்கி ஊரும். வழியில் ஒரு வளைவோ ஜன்னலோ வந்தால் அங்கே தயங்கி நிற்கும். நின்ற இடத்தில்தான் அதிகம் சுடும். நீங்கள் மாற்றியது அந்த இளைப்பாறும் இடத்தை.

அடுத்த முறை பிரிக்கும்போது இப்படிப் பாருங்கள். கருகிய துண்டை மட்டும் கழற்றாமல், அதற்கு அப்பால், சுமை (பவர் போய்ச் சேரும் முனை) இருக்கும் பக்கமாக ஒவ்வொரு ஃபிளாஞ்சாகத் திறந்துகொண்டே போங்கள். சிறிய டார்ச்சை வாய்க்கு நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். அகலமான சுவரின் நடுக்கோட்டை ஒட்டி, மின்புலம் அதிகமாக இருக்கும் பட்டையில், குண்டூசி முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாகக் குழிகள் தெரியும். சுற்றி மெல்லிய கருமை. சாய்த்து அடித்தால்தான் அந்தக் குழிகளின் விளிம்பு பளிச்சிடும், நேராக அடித்தால் செம்பின் மினுமினுப்பில் மறைந்துபோகும். அந்தத் தடத்தைச் சுமைப் பக்கமாகவே தொடருங்கள். எந்த இடத்தோடு தடம் நிற்கிறதோ, அதை ஒட்டித்தான் ஆர்க் பிறந்திருக்கிறது. பெரும்பாலும் அங்கே ஒரு ஃபிளாஞ்ச் இருக்கும். கேஸ்கெட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சரியாக அழுந்தாமல் நிறம் மாறியிருக்கும்.

அங்கேயும் எதுவும் இல்லை என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். முதல் பதிலில் சொன்ன நிலையலை இங்கே வந்து குழப்பும். பிரதிபலிப்பு ஓரிடத்தில், மின்புல உச்சம் வேறிடத்தில். அந்தக் குழாயில் உச்சங்கள் சுமார் 7.65 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரும். சுமையின் தண்ணீர் ஓட்டம் குறைந்து அங்கே பிரதிபலிப்பு கூடினால்கூட, ஆர்க் என்னவோ நடுவழியில் ஒரு நல்ல துண்டில்தான் பிடிக்கும். அதனால் கருகிய இடம், பிறந்த இடம், காரணம் உள்ள இடம் மூன்றும் மூன்றாக இருக்கலாம். எங்கள் பிரிவில் உதிரித் துண்டு கேட்டு வருகிறவர்களிடம், 'தடத்தைப் பார்த்தீர்களா?' என்று கேட்காமல் அலமாரியைத் திறக்க மாட்டோம்.

உள்ளே ஒரு கேமராவை வைத்துவிட்டால் வேலை முடிந்ததே? – வாசகர்

கேமரா எதற்கு? வெளிச்சம் வந்ததா இல்லையா என்று தெரிந்தால் போதும். குழாயில் சிறு துளையிட்டு, அதில் ஆப்டிகல் ஃபைபரைப் பொருத்தி, மறுமுனையில் ஒளியை உணரும் போட்டோடயோடு வைப்பார்கள். துளை அலையின் நீளத்தைவிட மிகச் சிறியது என்பதால் பவர் வெளியே வராது, வெளிச்சம் வரும். ஆர்க் பளிச்சென்றதும் சில மைக்ரோவினாடிகளில் டிரிப். ரொம்பவும் நம்பிக்கையான முறை.

நீங்கள் கேட்ட 'வேலை முடிந்ததே' இங்கேதான் உதைக்கிறது. முடுக்கிச் சுரங்கத்துக்குள் கதிர்வீச்சு இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி ஃபைபர் கதிர்வீச்சு பட்டுப் பட்டுப் பழுப்பேறும். வெளிச்சம் உள்ளேயே செத்துப்போகும். உண்மையான ஆர்க் வந்தாலும் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும். இது ஒரு வகை. இன்னொன்று இதற்கு நேர் எதிர்: அதிவேகத் துகள்கள் ஃபைபரைக் கடக்கும்போது ஃபைபரே ஒளிரும், போட்டோடயோடும் நேரடியாகக் கதிர்வீச்சை உணரும். ஆர்க் இல்லாமலே டிரிப்.

இரவு ஷிப்டில் இப்படி ஒரு சென்சார் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. துகள் கற்றை ஓடும்போது மட்டும் டிரிப் ஆகும். கற்றையை நிறுத்திவிட்டு முழுப் பவரும் கொடுத்தால் சமர்த்தாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை லாக் புத்தகத்தில் பார்த்துவிட்டால் போதும், வேவ்கைடைப் பிரிக்கவே தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து, ஒரே இடத்தைப் பார்க்க இரண்டு சென்சார் வைப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் 'வெளிச்சம்' என்று சொன்னால்தான் டிரிப். தூங்கும் சென்சாரைப் பிடிக்க, குழாய்க்குள் ஒரு சிறிய எல்.இ.டி.யை வைத்து, ஒவ்வொரு முறை எந்திரத்தைக் கிளப்பும் முன்பும் அதை மினுக்கிப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. தெரியவில்லை என்றால் பவரே கொடுக்கக் கூடாது. இதை ஒரு சடங்காகச் செய்து முடித்துவிடாமல், சிக்னலின் அளவைக் குறித்துவைத்துக்கொண்டே வந்தால் ஃபைபர் எவ்வளவு வேகமாகப் பழுப்பேறுகிறது என்பதும் தெரியும்.

திரும்பி வரும் பவரை அளந்தாலே ஆர்க் தெரிந்துவிடாதா? அப்புறம் ஏன் இத்தனை வகை சென்சார்? பவரை நிறுத்த அப்படி என்ன அவசரம்? – இயற்பியல் ஆசிரியர்

சாதாரண எந்திரத்தில் தெரியும். டைரக்ஷனல் கப்ளர் ஒன்று போட்டு, போகிற பவரையும் வருகிற பவரையும் தனித்தனியாக அளந்து, விகிதம் எல்லை தாண்டினால் நிறுத்திவிடலாம்.

அணுக்கரு இணைவு எந்திரத்தில் இதே முறை தடுமாறும். அங்கே சுமையே பிளாஸ்மா. அதன் விளிம்பு நொடிக்குள் பல முறை துள்ளும், ஒவ்வொரு துள்ளலுக்கும் பவர் திரும்பி வரும். அது பழுதல்ல, பிளாஸ்மாவின் சுபாவம். ஒவ்வொன்றுக்கும் டிரிப் ஆனால் பிளாஸ்மாவைச் சூடாக்கவே முடியாது. எல்லையை உயர்த்தி வைத்தாலோ உண்மையான ஆர்க் அதற்குக் கீழே நழுவிப் போகும். பல பத்து மெகாஹெர்ட்ஸில் ஓடும் சூடேற்றிகளில் ஆற்றல் பெரும்பாலும் கோஆக்ஸியல் குழாய் (நடுவில் இன்னொரு கடத்தி உள்ள குழாய்) வழியாகப் போகிறது. அங்கே வோல்டேஜ் ஏற்கெனவே பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் இடத்தில் ஆர்க் பிடித்தால் இன்னும் மோசம். அந்த இடத்தை ஷார்ட் செய்தாலும் அலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் திரும்பும் பவரும் அதிகம் மாறாது. ஆர்க் பாட்டுக்கு உலோகத்தை உருக்கிக்கொண்டிருக்கும்.

அதனால் வேறு வழிகள். ஆர்க் நேர்கோட்டு மின்தடை அல்ல (வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் ஏறாது), அனுப்பிய அலைவெண்ணைத் தவிர வேறு அலைவெண்களிலும் இரையும். அந்த இரைச்சலை மட்டும் ஃபில்டர் போட்டுக் கேட்கலாம். பிளாஸ்மாவின் துள்ளல் பெரும்பாலும் அப்படி இரையாது என்பதுதான் இதிலுள்ள லாபம். இன்னொரு வழி, குழாயின் பல இடங்களில் வோல்டேஜையும் ஃபேஸையும் அளந்து, 'நடுவில் ஆர்க் இல்லை என்றால் இந்த எண்கள் ஒன்றோடொன்று இப்படித்தான் பொருந்த வேண்டும்' என்று கணக்கோடு ஒப்பிடுவது. பொருந்தவில்லை என்றால் நடுவில் யாரோ புகுந்திருக்கிறார்கள்.

பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் இணைவு எந்திரத்தில், பிளாஸ்மாவின் எலக்ட்ரான்களைச் சூடாக்க 170 கிகாஹெர்ட்ஸ், அலையை உண்டாக்கும் ஒவ்வொரு கைரோட்ரானும் 1 மெகாவாட். அலையின் நீளம் 1.8 மில்லிமீட்டர்கூட இல்லை, குழாயின் விட்டமோ 50 மில்லிமீட்டர், உட்சுவரில் வரி வரியாகப் பள்ளங்கள். இவ்வளவு அகலமான குழாயில் இணைப்பு லேசாகக் கோணினால் பவர் திரும்பி வராது. தப்பான வடிவ அலையாக மாறி முன்னோக்கியே போய், சுவரில் எங்கோ சூடாக முடியும். 1 மெகாவாட்டில் 1 சதவீதம் என்றால் 10 கிலோவாட் சூடு. கப்ளரில் எல்லாம் சுத்தமாகத் தெரியும், குழாயோ வேகும். அங்கே வெப்பமானிகளும் குளிரூட்டும் நீரின் வெப்பநிலையும்தான் சாட்சி.

அவசரம் எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1 மெகாவாட்டை 10 மைக்ரோவினாடியில் நிறுத்தினால் ஆர்க்குக்குள் போவது அதிகபட்சம் 10 ஜூல். ஒரு மில்லிவினாடி தாமதித்தால் 1000 ஜூல். செம்பு உருகித் தெறிக்க அது தாராளம்.

குழாய்க்குள் சிறு அலையை அனுப்பி எதிரொலியை அளக்கும் நெட்வொர்க் அனலைசரை வைத்துப் பார்த்தோம். 14 மீட்டரைத் தாண்டி ஒரு பிரதிபலிப்பு என்று காட்டியது. அங்கே பிரித்தால் புதுசு போல இருக்கிறது. கருவி பொய் சொல்லுமா? – ஆய்வக உதவியாளர்

நீங்கள் கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லியிருக்கிறது. கருவியில் அலையின் வேகம் என்னவென்று கொடுத்திருந்தீர்கள்? ஒளியின் வேகம் என்றே இருந்தால் இந்தக் கதைதான் நடக்கும்.

வேவ்கைடுக்குள் அலைத்துடிப்பு ஒளியின் வேகத்தில் போகாது. நான் மேலே சொன்ன 72 மில்லிமீட்டர் குழாய்க்கு 2078 மெகாஹெர்ட்ஸ்தான் கீழ் எல்லை, அதற்குக் கீழே எதுவும் போகாது. 2856-இல் துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 69 சதவீதம். உண்மையில் 10 மீட்டரில் உள்ள பழுதிலிருந்து எதிரொலி வர 97 நானோவினாடி ஆகும். ஒளி வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 14.6 மீட்டர் என்று வரும். உங்கள் குழாயும் இதுவேதான் என்றால், 10 மீட்டரை ஒட்டிய ஃபிளாஞ்சைத் திறந்து பாருங்கள்.

அதோடு வேகம் அலைவெண்ணைப் பொறுத்து மாறும். இதே குழாயில் 2.6 கிகாஹெர்ட்ஸில் ஒளியின் வேகத்தில் 60 சதவீதம், 3.6-இல் 82. அனலைசர் அகலமான பட்டையில் ஸ்கேன் செய்யும்போது ஒரே எதிரொலி பரந்து வழிந்து பூசணிக்காய் மாதிரித் தெரியும். கருவியின் மெனுவில் குழாய் வகையை 'வேவ்கைடு' என்று மாற்றி, கீழ் எல்லை அலைவெண்ணையும் கொடுத்தால் அது தானே திருத்திக்கொள்ளும். பட்டையைக் குறுக்கினால் பரவல் குறையும். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு மீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு ஃபிளாஞ்சுகளைப் பிரித்தறிய முடியாது.

சரி, எல்லாவற்றையும் திருத்தியும் ஒன்றும் தெரியவில்லை என்றால்? அனலைசர் அனுப்புவது மில்லிவாட் கணக்கில். மெகாவாட்டில் மட்டும் எழும் பழுது அதற்குத் தெரியாது. அப்போது எந்திரம் ஓடும்போதே பிடிக்க வேண்டும். குழாயின் இரு முனைகளிலும் கப்ளர். ஆர்க் பிடித்த நொடியில், பவர் நுழையும் முனையில் திரும்பும் அலை எழும், பவர் வெளியேறும் முனையில் போகும் அலை விழும். இரண்டுக்கும் உள்ள கால வித்தியாசத்திலிருந்து ஆர்க் எங்கே பிறந்தது என்று கணக்கிடலாம். நகர்ந்து போவதற்கு முன்பே பிடித்துவிடுவதால் கருகிய தடம் நம்மை ஏமாற்ற முடியாது. ஆனால் இரண்டு பதிவுகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். 10 நானோவினாடி பிசகினால் ஒரு மீட்டர் பிசகும். கப்ளரிலிருந்து கருவிக்கு வரும் கேபிள்களின் நீளம் வேறுபட்டால் அதையும் கழிக்க மறக்காதீர்கள்.

ஆர்க்கின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? எந்திரமே காதைப் பிளக்கும்போது? – ஒலிப்பொறியியல் மாணவர்

முடியும், செய்கிறார்கள். காற்றில் வரும் சத்தத்தை அல்ல, குழாய்ச் சுவரில் ஓடும் அதிர்வை. பம்பும் விசிறியும் கீழ் அலைவெண்களில் உறுமுகின்றன, ஆர்க்கின் தட்டலோ மிகக் குறுகியது, அதன் ஆற்றல் மேல் அலைவெண்கள் வரை போகும். கீழே உள்ளதை வெட்டிவிட்டால் தட்டல் தனியாக நிற்கும். குழாய் நெடுகச் சில பீஸோ சென்சார்களை ஒட்டி, எதற்கு முதலில் எட்டியது என்று பார்த்தால் இடம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் ஃபிளாஞ்சும் பெல்லோஸும் (வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய்) அதிர்வை விழுங்கும். துடிப்பு ஒவ்வொன்றிலும், கிளைஸ்ட்ரானுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் மாடுலேட்டரும் ஒரு தட்டுத் தட்டும், அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் எல்லா ஆர்க்கும் மாடுலேட்டர் பக்கமே காட்டும்.

பழைய ஆட்கள் கையால் தொட்டே கெட்ட ஃபிளாஞ்சைக் கண்டுபிடிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? – வாசகி

உண்மை. பவரை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்ட பிறகு. ஓடும்போது தொட்ட பழைய ஆட்கள் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இப்போது வெப்பக் கேமரா வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் செம்பை அது சரியாகப் பார்க்காது. செம்பு தன் சூட்டை வெளியே விடுவது குறைவு, எதிரே உள்ள சூட்டைப் பிரதிபலிப்பது அதிகம். ஃபிளாஞ்ச் கொதித்துக்கொண்டிருக்கும், கேமரா குளுமையாகக் காட்டும். ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பைப் படம் எடுங்கள். ஒரே வகை ஃபிளாஞ்சுகளில் எது மற்றவற்றைவிடச் சூடு என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி பழுதை அது பார்த்துக்கொள்ளாதா? – கணினித் துறை வாசகர்

ஆயிரக்கணக்கான டிரிப் பதிவுகளை வகை பிரிக்க நன்றாகவே உதவும், மனிதக் கண் சலித்துப்போகும் வேலை அது. ஆனால் பழுப்பேறிய ஃபைபரின் பதிவைக் கொடுத்துக் கற்பித்தால், பழுப்பேறிய ஃபைபரைத்தான் 'நல்ல எந்திரம்' என்று கற்றுக்கொள்ளும். பத்து மைக்ரோவினாடியில் பவரை வெட்டும் வேலையை, நான் இருந்தால் அளவு எல்லை தாண்டியதா என்று மட்டும் பார்க்கும் சாதாரணக் கம்பாரேட்டர் சர்க்யூட்டிடமே விடுவேன்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான லீனியர் ஆக்ஸிலரேட்டரில் (நேர்கோட்டு முடுக்கி) வேலை செய்கிறேன். வேவ்கைடில் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு) வாயு அடைத்திருக்கிறோம். அழுத்தம் மெல்லக் குறைகிறது, நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். ஆபத்தா? – மருத்துவக் கருவிப் பொறியாளர்

நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் தப்பு. அழுத்தம் எல்லைக்குக் கீழே போனால் ஆர்க். வெளியேறும் வாயுவோ புவியைச் சூடாக்குவதில் அதே எடை கரியமில வாயுவைப்போல் 20,000 மடங்குக்கும் மேல். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று குறித்து, வாயு கசிவைக் காட்டும் கருவியோடு ஒவ்வொரு இணைப்பாகப் போங்கள். அறை வெப்பம் மாறினாலும் அழுத்தமானி மாறும், காலையில் எடுத்த அளவை மறுநாள் காலை அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏற்கெனவே ஆர்க் வந்திருந்தால் திறக்கும்போது கவனம். எஸ்.எஃப்.6 தன்னளவில் நஞ்சல்ல, ஆர்க்கில் சிதைந்தால் வருபவை நஞ்சு. வாயுவை அறைக்குள் திறந்துவிடாமல், மீட்டெடுக்கும் கருவியால் உறிஞ்சி எடுங்கள். உள்ளே வெள்ளையோ சாம்பலோ பொடி படிந்திருந்தால், கையுறையும் முகமூடியும் இல்லாமல் ஊதவோ துடைக்கவோ வேண்டாம். பொடியைத் துடைப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், தடம் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது அதில்தான் இருக்கும்.